ரம்லத் போட்ட ஆறு கையெழுத்து

கம்பத்தில் ரம்லத்தைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளிடம் பயப்படாதவர்கள் அதைவிடக் குறைவு. ஆள் என்னவோ ஐந்தடிக்கு அரை அங்குலம் கம்மிதான். குரலும் பெரிய குரல் இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வாங்கிவிட்டாள் என்றால் ஊரே திரண்டு வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

உத்தமபாளையத்தில் பிறந்து கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒரு விருந்து. இவள் ஆக்கிய தாளிச்சாவை வாயில் வைத்த நாத்தனார், உத்தமபாளையத்துக்காரிகளுக்குப் புளி கரைக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்த வீட்டில் ரம்லத் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பெருநாள் தவறாமல் போவாள். சலாம் சொல்வாள், பிள்ளைகளைக் கொஞ்சுவாள். டம்ளரை நீட்டினால் மட்டும் தாகமில்லை என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவாள். கடைசியில் அந்த நாத்தனாரே வீட்டுக்கு வந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன், ஒரு வாய் தண்ணீராவது குடி என்று அழுத பிறகுதான் அந்தப் பிடிவாதத்தை விட்டாள்.

புருஷன் அப்துல் சமது சாது. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. தோட்டத்தில் கவாத்து வெட்டும் நாளில் ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, யார் கத்தரியைக் கொடியில் தாறுமாறாகப் போட்டார்கள் என்று கண்டுபிடிப்பது எல்லாம் ரம்லத்தான். சமது மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

ஒரே மகள் நிலோபர். பிறந்தபோது கிளி மாதிரி இருந்தாள், பேச்சும் சீக்கிரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் போட்ட பிறகுதான் வினை. எழுத்து அவள் கைக்கு அடங்கவில்லை. தன் பெயரில் ஒரு 'லோ' எழுதுவதற்குள் கொம்பும் காலும் திசைக்கு ஒன்றாக ஓடும். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு வரிக்கு அரை மணி நேரம். ஐந்தாம் வகுப்புவரை அடித்தார்கள், முட்டி போட வைத்தார்கள், வீட்டில் ரம்லத்தும் தன் பங்குக்குக் கரண்டியைத் தூக்கினாள். ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று திகைத்து நின்றபோதுதான் ராஜா முகம்மது கை கொடுத்தார்.

ராஜா முகம்மது அயல் ஆள் இல்லை. ரம்லத்தின் அம்மாவுக்குச் சித்தப்பா மகன். அவளுக்கு மாமா முறை, மாமு என்பாள். உத்தமபாளையத்தில் மெட்ரிக் பள்ளி வைத்திருக்கிறார். வருஷா வருஷம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் பைபாஸ் திருப்பத்தில் அவர் பள்ளியின் பிளக்ஸ் எழும்பும். நூறு சதவீதத் தேர்ச்சி. அதற்குக் கீழே வெள்ளைச் சட்டையில் மாமு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்பார். அந்த நூறு எப்படி வருகிறது என்று அந்நாளில் யாரும் கேட்கவில்லை, ரம்லத்தும் கேட்கவில்லை.

நம்ம புள்ள, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாமு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்திருக்கிறது, பருவத்துக்கு ஒன்று, பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது, மூன்று மாதத்தில் எதை எட்ட வேண்டும் என்று எழுதி, தாய் தகப்பனை உட்கார வைத்துப் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவர்தான் விளக்கினார். ரம்லத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. என் பிள்ளை ஒருத்திக்காகத் தனித் திட்டமா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய வாரம், கம்பத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் உன்னை அலைய விடுவானேன் என்று சொல்லி மாமு ஆறு வெற்றுத் தாளை நகர்த்தி வைத்தார். ரம்லத் சிரித்துப் பேசிக்கொண்டே ஆறிலும் அடியில் கையெழுத்துப் போட்டாள். வெற்றுத் தாளில் போடலாமா என்று வேறு எவனாவது நீட்டியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பாள். நீட்டியது மாமு. அவரிடம் போய், இதில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டால் அது சொந்தத்தையே சந்தேகப்பட்டதாகிவிடும். நம் ஊரில் சொந்தக்காரர்கள் நீட்டிய தாளைப் படித்துப் பார்த்தவன் நல்ல பெயர் எடுத்ததில்லை.

மறு வருஷம் ஜூன் மாதம் பத்தாம் வகுப்புப் புத்தகம் வாங்கப் போனவளிடம் கிளார்க் டி.சி.யைக் கொடுத்தான். கூடவே ஒரு கடித நகல். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன், மாற்றுச் சான்றிதழ் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடியில் ரம்லத்தின் கையெழுத்து. சாட்சாத் அவள் கையெழுத்து.

மாமு ரூமில் இல்லை என்றார்கள். ஜன்னல் வழியாக அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. ரம்லத் கத்தவில்லை. டி.சி.யை மடித்துப் பைக்குள் வைத்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பைபாஸ் திருப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிளக்ஸை ஏறிட்டுப் பார்த்தாள். நூறு எப்படி வருகிறது என்பது அங்கேதான் புரிந்தது. தேறாத பிள்ளையை ஒன்பதாவதோடு கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் நூறுதானே. அடப்பாவி மனுஷா, என் பிள்ளையைக் கழித்துத்தான் உன் கணக்கை நேராக்கினாயா என்று பிளக்ஸில் கூப்பியிருந்த கைகளைப் பார்த்துக் கேட்டாள். இந்த ஆளை அந்த பிளக்ஸோடு சேர்த்துக் கீழே இறக்காமல் ஓய்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

நிலோபர் கம்பத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே வாரம் இரண்டு நாள் பவானி வருவாள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். ஒரு பழைய ஸ்கூட்டரில் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றி, இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அவள் முதலில் ரம்லத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. நிலோபரை மரத்தடிப் பெஞ்சில் உட்கார வைத்து, உனக்கு எது பிடிக்கும், எது கஷ்டம் என்று அவளிடமே கேட்டாள். பிறகு சமூக அறிவியலில் ஒரு பக்கத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். நிலோபர் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். எழுத்துக்கு எழுத்து. நடுவில் பவானி இரண்டு தடவை இருமியதையும் சேர்த்து.

பவானி புத்தகத்தை மூடினாள். உங்கள் பிள்ளைக்குக் குறையும் உண்டு, யாருக்கும் இல்லாத ஒன்றும் உண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும் என்று ரம்லத்திடம் சொன்னாள். பாடங்களைப் போனில் பதிவு செய்து கொடுப்பது. பரீட்சையை வாயால் வைப்பது. கேட்டதை ஒப்பிப்பது வேறு, புரிந்து சொல்வது வேறு என்பதால் ஒவ்வொரு பாடத்தையும் சொந்த வார்த்தையில் சொல்லப் பழக்குவது. பொதுத் தேர்வுக்கு அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், ஒரு மணி நேரம் கூடுதல், இதற்கு இப்போதே விண்ணப்பம். திட்டத் தாளில் ஒவ்வொரு வரியையும் எழுதி, வாசித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்துக் கேட்டாள்.

விண்ணப்பம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. பழைய பள்ளியின் பதிவேட்டில், எழுதுவதில் இருந்த குறை முற்றிலும் நீங்கிவிட்டது, இனித் தனித் திட்டம் தேவையில்லை, பெற்றோருக்குத் திருப்தி என்று இருக்கிறது, பெற்றோர் கையெழுத்தும் இருக்கிறது, பிறகு எதற்குச் சலுகை என்று கேட்டிருந்தார்கள். அந்த ஆறு தாளில் ஒன்று டி.சி. கேட்ட கடிதமானது போக, மூன்று, திட்டமாகி இருந்தது. இரண்டு, கூட்டம் நடந்த குறிப்பாகி இருந்தது. நடக்காத கூட்டத்தில் ரம்லத் நன்றிகூடச் சொல்லியிருந்தாள்.

அன்றைக்குத் தொடங்கினாள். திங்கட்கிழமை தோறும் தேனிக்கு பஸ் ஏறி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு. ஒன்பது வாரம். ஒரே மனுவை எழுதுவதில்லை, ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கேள்வி சேர்ப்பாள். போகும்போது மனு, வரும்போது சின்னமனூர், உத்தமபாளையம் என்று இறங்கிச் சொந்தக்காரர் வீடுகள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் அவள் உட்கார்ந்த வரிசை முழுவதும் மாமுவின் கதையைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்கும். விஜயதசமிக்கு மாமுவின் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்களை எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுவாள். சேருங்கள், நல்ல பள்ளிதான், வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று அக்கறையாகச் சொல்லி அனுப்புவாள். பாதிப் பேர் பள்ளி வாசலோடு திரும்பினார்கள். ஜூஸ் கடைக்காரன் அவளுக்கு எலுமிச்சம் ஜூஸ் சும்மாவே கொடுத்தான், அவனுக்கும் மாமுவோடு ஏதோ பழைய பகை இருந்திருக்கிறது.

சமது மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சொந்தத்துக்குள் வேண்டாம், விட்டுவிடு என்றார். அன்று அவருக்குச் சோற்றில் உப்பு இல்லை.

ஐப்பசியில் ஒரு பகல். ரம்லத் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டே மாமுவின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த நிலோபர் தொண்டையைக் கனைத்தாள். பிறகு ராஜா முகம்மதுவின் குரலில், அதே இழுப்பில் பேசினாள்.

"அஞ்சு பிள்ளைக்கும் ஒரே பிளானை அடிச்சிருய்யா. பேரை மட்டும் மாத்து. போன வருசத் தேதி எங்கிட்டாவது கெடந்துறாம."

ரம்லத்தின் கையில் கத்தி நின்றது. இதை எங்கே கேட்டாய் என்றாள். மாமு ரூமில், கிளார்க்கிடம் அவர் சொன்னது என்றாள் நிலோபர். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற நாளெல்லாம் தன்னை வகுப்பில் விடமாட்டார்கள், மாமு ரூமில் பைல் ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள் என்றாள். அவளுக்கு என்ன புரியப் போகிறது என்று அவள் முன்னாலேயே எல்லாம் பேசியிருக்கிறார்கள். மாமு என்னென்ன சொன்னார் என்று ரம்லத் கேட்கக் கேட்க, தேதியோடு, கிழமையோடு, பின்னால் ஓடிய ஃபேன் சத்தத்தோடு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

பிள்ளையை ஸ்டூலில் ஒளித்து வைத்திருக்கிறான். நெஞ்சு கொதித்தது ரம்லத்துக்கு. கொதிப்புக்கு நடுவே ஒரு சந்தோஷமும் வந்தது, அது நல்ல சந்தோஷம் இல்லை. மாமு, நீங்க வாயைக் குடுத்து மாட்டுனது எம்புள்ளகிட்ட என்று கத்தியைக் கழுவி வைத்தாள்.

மறுநாளே பவானியைப் பிடித்தாள். இரண்டாம் பருவத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் தயங்காமல் பேசப் பழகுவது. பரீட்சையில் யாரோ ஒரு டீச்சரிடம்தானே பதில் சொல்ல வேண்டும், அதற்கு உதவும் என்றாள். பவானிக்கு அது சரியாகவே பட்டது, எழுதினாள். பிறகு வீட்டில் நடந்த பயிற்சியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், உரக்கடைக்காரர், கவாத்துக்கு வந்த பெண்கள் என்று ஆள் மாற்றி ஆள் உட்கார வைத்து, நிலோபரை மாமு பேச்சைச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள் ரம்லத்.

பவானிக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, நான் அவ படிக்கிறதுக்குத் திட்டம் போட்டேன். நீங்க அவள அருவாளாத் தீட்டிக்கிட்டு இருக்கீக."

தீட்டினால் என்ன என்று கேட்டாள் ரம்லத். சொந்த வார்த்தையெல்லாம் பரீட்சைக்கு வைத்துக்கொள், இது வேறு என்றாள். மகளிடம் தினமும் ஒன்றைத்தான் சொன்னாள். கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

மனு மேல் உத்தமபாளையத்தில் விசாரணைக்குத் தேதி வந்த வாரம் ராஜா முகம்மது வீடு தேடி வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். ஆள் வாடித்தான் போயிருந்தார். பதிவேட்டில் எழுத்துப் பிழை நேர்ந்துவிட்டது, குறை நீங்கவில்லை என்று நானே ஒரு சான்று எழுதித் தருகிறேன், சலுகை நாளைக்கே கிடைத்துவிடும், மனுவை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள் என்றார். சமது சரி என்று தலையாட்டினார். பவானியிடம் போனில் கேட்டால் அவளும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். விசாரணையில் தோற்றுவிட்டால் அந்தப் பழைய பதிவேடே நிலைத்துவிடும், எழுத ஆளும் கிடைக்காது, நிலோபர் பத்தாவதோடு முடிந்தாள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

யோசிக்க ரம்லத்துக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அந்தத் தாள் வேண்டியதில்லை. அந்த ஆள் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். என் பிள்ளையைப் புத்தி கெட்டது என்று ஓரத்தில் உட்கார வைத்தவன், அதே பிள்ளை வாயால் கெட வேண்டும். அல்வாவைப் பிரிக்காமலே அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "உத்தமபாளையத்துல பாப்போம் மாமு" என்றாள்.

விசாரணை அதிகாரி சந்தனம்மாள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற அம்மாள். யாருக்கும் சிரிக்காத முகம். மேஜையின் ஒரு பக்கம் ராஜா முகம்மதுவும் கிளார்க்கும். மறுபக்கம் ரம்லத், நிலோபர், பவானி. கதவோரம் சமது. மாமு பைலைத் திறந்து ஆறு தாளையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் தாய் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள் என்றார். வெற்றுத் தாளில் போட்டேன் என்றாள் ரம்லத். பன்னிரண்டாவது படித்தவள், தோட்டம் நிர்வாகம் பண்ணுகிறவள், வெற்றுத் தாளில் போடுவாளா, நீங்களே சொல்லுங்கள் என்று மாமு அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

ரம்லத் மகளின் முதுகைத் தொட்டாள். நிலோபர் எழுந்து நின்றாள். தயங்கவே இல்லை. ஐந்து பிள்ளைக்கும் ஒரே திட்டம், பேரை மாற்று, தேதியை மாற்று, ஒன்பதாவதோடு இவளைக் கழற்றிவிடு, நமக்கு நூறு முக்கியம். எல்லாம் மாமுவின் குரலில், அவர் கனைப்போடு. கிளார்க்கின் முகம் வெளுத்துவிட்டது. சந்தனம்மாள் அந்தப் பள்ளியில் தனித் திட்டம் எழுதிய மற்ற நாலு பிள்ளைகளின் பைலையும் எடுத்து வரச் சொன்னார். ரம்லத்துக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. மாமுவின் நெற்றியில் வேர்வை வழிவதை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மாமு சாமானியப்பட்ட ஆளா. "மேடம், இது கிளிப்புள்ள. இவ ஆத்தாக்காரி மூணு மாசமாச் சொல்லிக் குடுத்து ஒப்பிக்க வச்சிருக்கா, கம்பத்துல போயிக் கேளுங்க" என்றார்.

அதில் பாதி உண்மை இருந்தது. உரக்கடைக்காரர் வரைக்கும் சாட்சி. பவானி தரையைப் பார்த்தாள். சந்தனம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். பிறகு நிலோபரை மட்டும் பார்த்துக் கேட்டார். உன் அம்மா இந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்றார்.

மாமு ரூமில் ஸ்டூலில் என்றாள் நிலோபர். ரம்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். அன்றைக்குப் பிள்ளை அந்த ரூமில் இருந்ததே அவளுக்கு நினைவில் இல்லை.

அன்றைக்கு என்ன பேசினார்கள், இரண்டு பேரும் பேசியதைச் சொல் என்றார் சந்தனம்மாள்.

நிலோபர் சொன்னாள். பக்ரீதுக்கு நாலு நாள் முந்தி, வியாழக்கிழமை. முதலில் மாமுவின் குரல் வந்தது. "ரம்லத்து, இந்த ஆறு தாள்லயும் அடியில போட்டு வச்சிரு. ஒவ்வொரு தடவையும் உன்னய எதுக்கு அலைய விட்டுக்கிட்டு." அடுத்து வந்த குரல் ரம்லத்தின் குரல். அவள் சிரிக்கும்போது பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குமே, அதுவும் அப்படியே இருந்தது.

"எத்தன வேணாலும் போட்டுத் தாரேன் மாமு, நீங்க எப்புடி வேணா எழுதிக்கங்க. படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுது இந்த மரமண்ட. இதப் பெத்ததுக்கு ரெண்டு கொடி திராச்ச நட்டுருந்தாலும் காச்சிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகுதுன்னு பேரு இருந்தாப் போதும், ரெண்டு வருசத்துல எவன் தலையிலயாவது கெட்டி வச்சிருவோம்."

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நிலோபர் அந்தச் சிரிப்பையும் விடவில்லை.

கதவோரம் சமது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தான் சொல்லவில்லை என்றுதான் ரம்லத்துக்கு முதலில் தோன்றியது. தாளிச்சாவைப் பற்றிச் சொன்ன ஒற்றை வார்த்தையைப் பதினோரு வருஷம் வைத்திருந்தவளுக்கு, தன் வாயால் சொன்ன இது எப்படி மறந்தது. யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஃபேன் ஓடியது வந்தது. பேனா எழுதாமல் உதறியது வந்தது. சிரித்தது வந்தது.

ராஜா முகம்மதுதான் முதலில் சுதாரித்தார். ஆள் கெட்டிக்காரர், வழி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். குரலைக் குழைத்துக்கொண்டு ரம்லத் பக்கம் திரும்பினார்.

"பாரு ரம்லத்து, பெத்த தாயவே எப்புடிப் பேசுது பாரு. புத்தி கொறஞ்ச புள்ள, அது பாட்டுக்கு உளறுது. நீயா அப்புடிச் சொன்னே? எந்தத் தாயாச்சும் சொல்லுவாளா? சொல்லலன்னு மேடத்துகிட்டச் சொல்லிரு."

சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் மானம் தப்பும். மாமுவும் தப்புவார். நிலோபர் ஒருத்தி மட்டும் பொய் சொன்னவள் ஆவாள், உளறுகிறவள் ஆவாள், அந்த ஸ்டூலுக்கே திரும்பிப் போவாள். சந்தனம்மாள் பேனாவைத் திறந்து காத்திருந்தார். நிலோபர் அம்மாவைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்ததைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்" என்றாள் ரம்லத்.

சரியாகக் கேட்கவில்லை என்றார் சந்தனம்மாள்.

"எம்புள்ள சொன்னது அம்புட்டும் நெசம். நாஞ் சொன்னதுதான். வெத்துத் தாளுதான். எப்புடி வேணா எழுதிக்கங்கன்னு நாந்தான் சொன்னேன். எழுதிக்கங்க மேடம், அதையும் எழுதிக்கங்க."

சந்தனம்மாள் எழுதினார். ஐந்து பிள்ளைகளின் பைலையும் அடுக்கிப் பார்த்தார். ஐந்திலும் ஒரே இடத்தில் ஒரே வரி விட்டுப்போயிருந்தது. எழுத ஆளும் கூடுதல் நேரமும் கொடுக்க அங்கேயே பரிந்துரை எழுதிக் கையெழுத்திட்டார். பள்ளியின் அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், ஐந்து வருஷமாக உங்கள் பள்ளி கொடுத்த ஒன்பதாவது டி.சி. முழுவதையும் எடுத்துப் பார்ப்போம் என்று மாமுவிடம் சொன்னார். ராஜா முகம்மது நாற்காலியை விட்டு எழுந்தார். தலை குனிந்துதான் இருந்தது. எட்டு மாதமாக எந்தக் காட்சிக்காக ரம்லத் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளோ அந்தக் காட்சி மூன்றடி தூரத்தில் நடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் மகளின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பவானி ஸ்கூட்டரை எடுத்தாள். நாளை பள்ளியில் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனாள். சமது டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எதிர்ப் பக்கம் நடந்தார். அவர் டீ குடிப்பதில்லை. ரம்லத்தும் நிலோபரும் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் சரியாச் சொன்னேனாம்மா? ஒண்ணும் விட்டுப்போகலயே?"

"விட்டுப்போகலத்தா."

கம்பம் பஸ் ஒன்று கூட்டமாக வந்தது, விட்டுவிட்டார்கள். ஊரில் யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒன்று வைத்திருக்கும் ரம்லத், அன்று வார்த்தை தேடினாள். கடைசியில் கேட்டுவிட்டாள். இத்தனை நாளும் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் நான் போட்ட சோற்றைத் தின்றாயா, என் மேல் கோபம் இல்லையா என்றாள்.

இந்தக் கேள்விக்குத் திருப்பிச் சொல்ல யாருடைய பேச்சும் நிலோபரிடம் இல்லை. விரல்களைக் கோத்துக் கோத்துப் பிரித்தாள்.

"கோவமெல்லாம் இல்லம்மா. பள்ளிக்கூடத்துல எல்லாரும்தான் சொன்னாக. மாமு சொன்னா வீட்டுக்கு வந்துருவேன். நீங்க சொன்னப்பதான் எங்கன போறதுன்னு தெரியல."